நாய் கடிச்சுடுச்சா? முதல் 15 நிமிஷத்துல இருந்து கடைசி ஊசி வரைக்கும் என்ன செய்யணும்

நாய் கடிச்சுடுச்சுன்னு பதறிப்போய் இதைத் தேடி வந்திருக்கீங்கன்னா படிக்கிறத இங்கயே நிறுத்திட்டு பைப்பத் திறந்து கடிபட்ட இடத்தக் கழுவ ஆரம்பிங்க, சோப்பு போட்டு, 15 நிமிஷம். பக்கத்துல யாராவது இருந்தா மீதிய அவங்க சத்தமா படிச்சுக் காட்டட்டும், நீங்க கழுவிக்கிட்டே கேளுங்க.

இன்னும் எந்த நாயும் கடிக்கல, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு வந்தவங்க பொறுமையா படிக்கலாம். உண்மையச் சொன்னா உங்களுக்குத்தான் இது ரொம்ப உபயோகம், ஏன்னா கடி வாங்குன பதட்டத்துல யாருக்கும் எதுவும் மண்டையில ஏறாது, வீட்டுல ஒருத்தருக்காவது முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருந்தா மத்தவங்க அவர் சொல்றபடி நகர்வாங்க.

வைரஸ் எப்படி போகுதுங்கறத முதல்ல புரிஞ்சுக்கிட்டா மத்த எல்லாமே தானா புரியும்

ரேபிஸ்ங்கறது வெறிநாய்க்கடி நோய், அதோட வைரஸ் நோய் வந்த நாயோட எச்சில்ல இருக்கும். கடிக்கிறப்போ அந்த எச்சில் நம்ம சதைக்குள்ள போகுது. பாம்புக்கடியில விஷம் மளமளன்னு ஏறும்னு சொல்ற கதை இங்க கிடையாது, இந்த வைரஸ் கடிபட்ட இடத்துலயே கொஞ்ச நாள் கிடந்து பெருகி, அப்புறம் பக்கத்துல இருக்கற நரம்புக்குள்ள புகுந்து அது வழியா மெதுவா தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போய்ச் சேருது. இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் 2, 3 மாசம் ஆகும், சிலருக்கு ஒரே வாரத்துலயும் வந்திருக்கு, சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் இழுத்திருக்கு. மூளைக்குப் போய் அறிகுறி ஆரம்பிச்சிருச்சுன்னா, அதாவது கடிபட்ட இடத்துல குறுகுறுப்பு, காய்ச்சல், தண்ணியக் கண்டா தொண்டை இறுகறது, காத்து பட்டாலே உடம்பு தூக்கிப்போடறது, இல்லேன்னா கை கால் ஒவ்வொண்ணா விழுந்துபோறது, இப்படி எது ஆரம்பிச்சாலும் அதுக்கப்புறம் காப்பாத்தற மருந்துன்னு ஒண்ணு இன்னிக்கு வரைக்கும் கிடையாது. பிழைச்சவங்க உலகம் முழுக்க விரல் விட்டு எண்ணிடலாம்.

ஆனா அந்த மெதுவான பயணம்தான் நமக்குக் கிடைக்கற வாய்ப்பு. மத்த வியாதிகள்ல பெரும்பாலானதுக்குத் தடுப்பூசி முன்னாடியே போட்டிருக்கணும், இதுக்குக் கடி வாங்குனப்புறம் போட்டாலும் வேலை செய்யுது, ஏன்னா வைரஸ் மூளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உடம்பு எதிர்ப்புச் சக்தியத் தயார் பண்ணிடுது. 1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிஸ்ல லூயி பாஸ்டர் ஏற்பாட்டுல ஜோசப் மெய்ஸ்டர்ங்கற 9 வயசுப் பையனுக்கு இப்படி முதன்முதலா ஊசி போட ஆரம்பிச்சப்போ அவன் கடிபட்டு 2 நாள் ஆகியிருந்துச்சு, பையன் பிழைச்சான்.

அப்படின்னா வருஷத்துக்கு 59,000 பேர் வரைக்கும் உலகத்துல இதுல சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுதே, எப்படி? ஊசி கிடைக்காத இடங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் பார்வையில சின்னக் காயம். கெண்டைக்கால் சதையப் பிச்சு எடுத்திருந்தா யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவாங்க. லேசா பல் பட்டுச்சு, நகம் கீறுச்சு, ஒரு சொட்டு ரத்தம், நாளைக்குப் பாத்துக்கலாம், இப்படித்தான் விட்டுடறாங்க. சாகறவங்கள்ல 10-க்கு 4 பேர் 15 வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்க, திட்டு விழும்னு வீட்டுல சொல்லாம மறைக்கறதும் இதுல இருக்கு. அதனால புள்ளைங்க கிட்ட "நாய் கடிச்சா, பிராண்டுனா, உடனே வந்து சொல்லு, திட்ட மாட்டேன்"னு இன்னிக்கே சொல்லி வெச்சிடுங்க.

முதல் வேலை: கழுவறது

இத யாரும் வைத்தியமாவே மதிக்கறதில்ல, ஊசிக்குத்தான் ஓடறாங்க. ரேபிஸ் வைரஸோட மேல்தோல் கொழுப்பால ஆனது, பாத்திரத்துல ஒட்டுன எண்ணெய்ப் பிசுக்க சோப்பு கரைக்கற மாதிரி அந்தக் கொழுப்பையும் கரைச்சு வைரஸ செயலிழக்க வெச்சிடும். கூடவே ஓடற தண்ணி எச்சில அடிச்சுட்டு வெளிய கொண்டு போயிடும். நரம்புக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே எவ்வளவு வைரஸ் வெளிய போகுதோ அவ்வளவு லாபம்.

எப்படின்னா, பைப் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், பக்கெட்ல முக்கி எடுக்கறது பத்தாது. குளிக்கற சோப்பு, துணி சோப்பு, பாத்திரம் கழுவற லிக்விட், கைக்கு எது கிடைக்குதோ அது போதும். பல் இறங்குன ஓட்டை இருந்தா அதுக்குள்ள தண்ணி போற மாதிரி காட்டுங்க. 15 நிமிஷம்ங்கறத கடிகாரம் பாத்துத்தான் செய்யணும், மனசுக்குள்ள கணக்கு போட்டா 2 நிமிஷத்துலயே 15 ஆன மாதிரி இருக்கும். எரியும், பொறுத்துக்கணும். கண்ணுலயோ வாயிலயோ எச்சில் பட்டிருந்தா சோப்பு வேண்டாம், வெறும் தண்ணியில நிறைய நேரம் அலசுங்க. கழுவி முடிச்சதும் பீட்டாடின் மாதிரி பொவிடோன் அயோடின் மருந்து இருந்தா போடுங்க, இல்லேன்னாலும் பரவால்ல, அதத் தேடி நேரத்த ஓட்டாதீங்க.

ரத்தம் பீறிட்டு வருதுன்னா கழுவற கணக்கெல்லாம் விட்டுட்டு சுத்தமான துணிய வெச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி, கழுவறத அங்க பாத்துக்குவாங்க.

மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, இலைச்சாறு, எண்ணெய், சூடு வைக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது. காயம் இன்னும் புண்ணாகி வைரஸுக்கு நரம்ப எட்டற வழி சுலபமாகுமே தவிர வேற பிரயோஜனம் இல்ல. வாய் வெச்சு உறிஞ்சறதும், மேல இறுக்கிக் கட்டறதும் அப்படித்தான். கடிச்சு ரெண்டு மூணு மணி நேரம் ஆயிடுச்சே, இனிமே கழுவி என்னன்னு கேக்காதீங்க, மறுநாள் ஞாபகம் வந்தாலும் கழுவிட்டுத்தான் கிளம்பணும்.

கிளம்பறப்போ நாயப் பத்தி கொஞ்சம்

டாக்டர் கேப்பாரு, அதனால யார் வீட்டு நாய், இல்ல தெரு நாயா, சீண்டுனதால கடிச்சுதா இல்ல சும்மா போனவர ஓடி வந்து கடிச்சுதா, வேற யாரையாவது கடிச்சுதா, எச்சில் ஒழுகிச்சா, தள்ளாடிச்சா, இதெல்லாம் பாத்து வெச்சுக்கிட்டா நல்லது. நாயத் தொரத்திப் பிடிக்கப் போகாதீங்க, இன்னொரு கடிதான் மிச்சம். அடிச்சுக் கொல்லவும் வேண்டாம், அது உயிரோட கண்ணுக்கு எட்டுன தூரத்துல இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது, ஏன்னு கீழ சொல்றேன்.

நாய் பாக்க நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்துடாதீங்க. வெறி வெளிய தெரியறதுக்குச் சில நாள் முன்னாடியே எச்சில்ல வைரஸ் வந்துடும். அது மட்டுமில்ல, எல்லா வெறிநாயும் நுரை தள்ளிக்கிட்டு எதிர்ல வர்றவங்களையெல்லாம் கடிக்கறதில்ல, சிலது தாடை தொங்கி, சத்தமே இல்லாம மூலையில சுருண்டு கிடக்கும், பாவமேன்னு தடவப் போனவங்களக் கடிச்சிருக்கு. குட்டி நாய்தானேங்கறதும் அப்படித்தான், குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

உங்க காயம் எந்த வகை

உலக சுகாதார நிறுவனம் இத மூணு வகையா பிரிச்சிருக்கு, எல்லா ஊர் டாக்டரும் பெரும்பாலும் இதத்தான் பாப்பாங்க. நாயத் தொட்டோம், சாப்பாடு வெச்சோம், காயமே இல்லாத தோல நக்குச்சு, இது முதல் வகை, கழுவுனா போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராம லேசா கீறல், சிராய்ப்பு, துணி மறைக்காத தோல லேசா கவ்விட்டு விட்டுது, இது ரெண்டாவது, கழுவிட்டு தடுப்பூசி போடணும். தோலக் கிழிச்சு ரத்தம் வந்த கடியோ கீறலோ, ஏற்கனவே இருந்த புண்ண நக்கறது, கண்ணு வாயில எச்சில் படறது, அப்புறம் வௌவால் கடியோ கீறலோ, இது மூணாவது, இதுக்குத் தடுப்பூசியோட சீரம்ங்கற இன்னொரு ஊசியும் சேத்துப் போடணும்.

ஒரே ஒரு சொட்டு ரத்தம்னாலும் மூணாவது வகைதான். இங்கதான் ஆளுங்க ஏமாந்து போறாங்க, "லேசான காயம்தான் டாக்டர்"னு அவங்களே சொல்லிடறாங்க. நீங்க தீர்மானிக்காதீங்க, ரத்தம் வந்துச்சுன்னா வந்துச்சுன்னு சொல்லுங்க, எத்தன இடத்துல பல் பட்டுச்சோ அத்தனையும் காட்டுங்க, முடிக்குள்ள, விரல் இடுக்குல இருக்கறதையும் விடாம. ரத்தம் வந்துச்சா இல்லையான்னே சரியாத் தெரியலன்னா அதையும் அப்படியே சொல்லுங்க.

சீரம்: கேட்டு வாங்க வேண்டிய ஊசி

தடுப்பூசி எல்லாருக்கும் தெரியும், ஏஆர்வின்னு சீட்டுல எழுதுவாங்க. இன்னொண்ணு இம்யூனோகுளோபுலின், சுருக்கமா சீரம்னு சொல்றது, இதப் பத்தி நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரிக்க ஏறக்குறைய 7-ல இருந்து 14 நாள் எடுத்துக்கும், அந்த இடைவெளியில வைரஸ் நரம்புக்குள்ள போயிட்டா என்ன பண்றது? அதுக்குத்தான் ஏற்கனவே தயாரா இருக்கற எதிர்ப்புப் பொருள நேரா காயத்துக்குள்ளயும் காயத்தச் சுத்தியும் ஏத்தறாங்க, வைரஸ அங்கயே மடக்கிப் போடறதுக்கு. மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்ததுன்னா எடையில கிலோவுக்கு 20 யூனிட், குதிரையில இருந்து எடுத்ததுன்னா கிலோவுக்கு 40 யூனிட், இதுக்கு மேல போகக் கூடாது. இப்போ சில இடங்கள்ல மோனோகுளோனல் ஆன்டிபாடின்னு லேப்ல தயாரிச்சதும் வருது, வேலை அதேதான்.

காயத்துலயே குத்தறதால வலிக்கும், அதுவும் விரல் நுனி, மூக்கு, உதடுன்னா நல்லாவே வலிக்கும், புள்ளைங்க அலறும். அதப் பாத்துட்டு "வேண்டாம் டாக்டர், கையில மட்டும் போடுங்க"ன்னு சொல்லிடாதீங்க, காயத்துல போட்டாத்தான் இதுக்கு அர்த்தமே. நிறைய காயம் இருந்து மருந்து பத்தலன்னா சலைன்ல கலந்து அளவக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் போடுவாங்க. ஒரு தடவைதான் போடணும், முதல் தடுப்பூசி போடற அன்னிக்கே போட்டுடறது உத்தமம். அங்க ஸ்டாக் இல்லேன்னு சொன்னா தடுப்பூசிய அன்னிக்கே ஆரம்பிச்சுட்டு சீரம் எங்க கிடைக்கும்னு அவங்ககிட்டயே கேட்டு அங்க போங்க, முதல் தடுப்பூசியில இருந்து 7 நாளைக்குள்ள போட்டுடலாம், அதுக்கு மேல போட மாட்டாங்க, உடம்பே அதுக்குள்ள தயாரிக்க ஆரம்பிச்சிருக்கும்.

தலை, முகம், கழுத்து, கை விரல் இங்கெல்லாம் கடின்னா ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப் போடாதீங்க, அங்க நரம்பு ஜாஸ்தி, முகத்துல இருந்து மூளை ரொம்பக் கிட்ட. நடு ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

தையல் விஷயமும் தெரிஞ்சுக்குங்க. நாய்க்கடிய உடனே இறுக்கித் தைக்க மாட்டாங்க, தைச்சே ஆகணும்னா முதல்ல சீரம் போட்டு கொஞ்ச நேரம் விட்டு லூஸா ரெண்டு தையல் போடுவாங்க. "இவ்வளவு பெரிய காயத்தத் தைக்காம அனுப்பறாங்களே"ன்னு சண்டைக்குப் போகாதீங்க. டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசியும், தேவைப்பட்டா சீழ் பிடிக்காம இருக்க ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பாங்க. டிடி போட்டாச்சு, அப்போ நாய்க்கடி ஊசி போட்டாச்சுன்னு சிலர் திரும்பிடறாங்க, அது வேற இது வேற.

ஊசி கணக்கு

தொப்புளச் சுத்தி 14 ஊசிங்கற பயத்துலயே ஆஸ்பத்திரி பக்கம் வராத ஆளுங்க இன்னும் இருக்காங்க. அது ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச பழைய மருந்து, அந்தக் காலம் போயிடுச்சு. இப்போ செல் கல்ச்சர் தடுப்பூசி, அதாவது லேப்ல செல்லுல வளர்த்துத் தயாரிச்சது, மேல் கையில போடறது, சின்னக் குழந்தைங்கன்னா தொடையில. பின்பக்கம் போடக் கூடாது, அங்க கொழுப்பு ஜாஸ்திங்கறதால சரியா வேலை செய்யாது, யாராவது அங்க போட வந்தா தயங்காம சொல்லுங்க.

தசையில போடறதுன்னா வழக்கமா 0, 3, 7, 14, 28-ஆம் நாள்னு 5 ஊசி, அல்லது கடைசி ரெண்டுக்குப் பதிலா 14-க்கும் 28-க்கும் நடுவுல ஒண்ணுன்னு 4 ஊசி. தோலுக்குள்ள கொஞ்சூண்டு, 0.1 மில்லி, ரெண்டு கையிலயும் போடற முறை ஒண்ணு இருக்கு, அதுல 0, 3, 7, 28 ஒரு அட்டவணை, 0, 3, 7 மட்டும்னு ஒரு வாரத்துல முடியறது இன்னொண்ணு. நாட்டுக்கு நாடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி எது நடைமுறையோ அதப் போடுவாங்க, எல்லாமே பரிசோதிச்சு ஒத்துக்கிட்ட முறைதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 போட்டாங்க எனக்கு 4 தான்னு குழம்ப வேண்டாம், உங்க சீட்டுல எழுதுன தேதியப் புடிங்க.

புதுசா போறவங்க தடுமாற்ற இடம் இந்த 0-தான். முதல் ஊசி போட்ட நாள்தான் 0-ஆம் நாள், கடிச்ச நாள் கிடையாது. திங்கக்கிழமை முதல் ஊசின்னா 3-ஆம் நாள் வியாழன், 7-ஆம் நாள் அடுத்த திங்கள், 14 அதுக்கடுத்த திங்கள், 28-உம் ஒரு திங்கள்தான். வாங்குன அன்னிக்கே எல்லாத் தேதியையும் போன்ல அலாரமா போட்டுடுங்க. மூணாவது ஊசிக்கப்புறம் காயம் ஆறிடும், பயமும் ஆறிடும், அங்கதான் நிறைய பேர் கழண்டுக்கறாங்க.

ஒரு தேதி தவறிடுச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, எவ்வளவு சீக்கிரம் போக முடியுமோ போய் விட்ட இடத்துல இருந்து தொடருங்க. வெளியூர் போயிட்டா அங்கயே போட்டுக்கலாம், ஊசி மருந்தோட கம்பெனி மாறுனாலும் பாதியில விடறத விட அது எவ்வளவோ மேல், சீட்ட மட்டும் கையில வெச்சுக்குங்க.

ஊசி போட்ட இடத்துல வலி, சிவப்பு, லேசா காய்ச்சல், உடம்பு வலி இதெல்லாம் வரும், ரெண்டு நாள்ல போயிடும். பத்தியம்னு எதுவும் கிடையாது, வழக்கமா சாப்பிடறத சாப்பிடலாம், குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க, பச்சக் குழந்தை, வயசானவங்க யாரா இருந்தாலும் போட்டுக்கலாம், போட்டே ஆகணும். எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கறவங்க, கேன்சர் சிகிச்சையில இருக்கறவங்க அத முதல்லயே டாக்டர் கிட்ட சொல்லிடுங்க, அவங்களுக்கு ரெண்டாவது வகைக் காயத்துக்கே சீரம் தேவைப்படும்.

அந்த 10 நாள் கணக்கு

கடிச்ச நாய் (பூனைக்கும் இதே கணக்கு) கடிச்ச நாள்ல இருந்து 10 நாள் உயிரோட ஆரோக்கியமா இருந்தா கடிக்கறப்போ அதோட எச்சில்ல வைரஸ் இல்லன்னு அர்த்தம், ஏன்னா எச்சில்ல வைரஸ் வந்த நாய் சில நாள்லயே நோய் முத்திச் செத்துடும். அப்போ டாக்டர் மீதி ஊசிய நிறுத்தச் சொல்லலாம். இதத் தப்பா புரிஞ்சுக்கிட்டு 10 நாள் பாத்துட்டு அப்புறம் ஊசி போடலாம்னு இருக்கறவங்கதான் ஆபத்துல மாட்டறாங்க. ஊசி முதல் நாளே ஆரம்பிக்கணும், நாயப் பாக்கறது கூடவே நடக்கணும். நாய் காணாமப் போச்சு, செத்துப்போச்சு, எது கடிச்சதுன்னே தெரியல, இப்படின்னா முழு கோர்ஸும் போட்டு முடிக்கணும். குரங்கு, நரி, கீரி மாதிரி மத்த மிருகத்துக்கு இந்த 10 நாள் கணக்கு செல்லாது.

வளர்ப்பு நாய், தடுப்பூசி போட்டிருக்குன்னு ஓனர் சொன்னா? சந்தோஷம், ஆபத்து கம்மி, ஆனா ஊசி எப்போ போட்டாங்க, வருஷா வருஷம் போட்டாங்களா, மருந்து குளிர்ல ஒழுங்கா இருந்துச்சான்னு உங்களுக்குத் தெரியாது. கார்டக் கேட்டு வாங்கி டாக்டர் கிட்ட காட்டுங்க, முடிவு அவரோடது. எலி, அணில் கடிச்சா ரேபிஸ் வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், இருந்தாலும் காயத்தக் கழுவிட்டு ஒருதரம் கேட்டுடுங்க.

கடிச்சு நாளாயிடுச்சுன்னா

போன வாரமோ போன மாசமோ கடிச்சது, ஊசியே போடல, இப்பத்தான் படிச்சுட்டு வயித்தக் கலக்குதுன்னா, கலங்கிக்கிட்டே இருக்காம இன்னிக்கு போங்க. இதுக்குக் காலக்கெடு கிடையாது, அறிகுறி வராத வரைக்கும் மாசக்கணக்குல ஆகியிருந்தாலும் புதுசா கடிச்ச மாதிரியே பாத்து ஊசி போடுவாங்க, மூணாவது வகைக் காயமா இருந்தா சீரமும் சேத்து. எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லக் கூச்சப்பட்டுத் தேதிய மாத்திச் சொல்லாதீங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த ஊசிச் சீட்டத் தூக்கிப் போடாதீங்க, போட்டோ எடுத்தும் வெச்சுக்குங்க. மறுபடி எப்பயாவது கடி வாங்குனா, முழு கோர்ஸ் போட்டவங்கன்னு அத வெச்சுத்தான் தெரியும், அப்போ சீரம் வேண்டாம், 0, 3-ஆம் நாள்னு ரெண்டே ஊசியில வேலை முடிஞ்சிடும். முழு கோர்ஸ் முடிச்சு 3 மாசத்துக்குள்ளயே அடுத்த கடின்னா காயத்தக் கழுவிட்டு சீட்டோட டாக்டரப் பாருங்க, பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. நாய்களோட வேலை பாக்கறவங்க, கால்நடை டாக்டருங்க, தெரு நாய்க்குச் சோறு வைக்கறவங்க, இவங்கெல்லாம் கடி வாங்கறதுக்கு முன்னாடியே 0, 7-ஆம் நாள்னு ரெண்டு தடவை போய் தடுப்பூசி போட்டு வெச்சுக்கலாம், அப்படிப் போட்டவங்களுக்கும் கடிச்சா 15 நிமிஷம் கழுவறதும் அந்த ரெண்டு பூஸ்டர் ஊசியும் கட்டாயம் வேணும், சீரம் மட்டும்தான் தேவைப்படாது.